தானாகப் பூட்டிக்கொண்ட கேட்

ரோஸியின் சாவுக்கு யாரும் காரணமல்ல என்று கண்டுபிடிக்க, நாவலூர் கூட்டியக்க ஆய்வு மையத்துக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. விஞ்ஞானத்தில் அவசரம் கூடாது என்று மையத்தின் இயக்குநர் முனைவர் ராஜாராமன் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்.

ரோஸியின் கணவர் சின்னப்பன் இரும்புலியூரில் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் சாயங்காலம்தான் மறுபடி வேலை. நடுவில் வேனை எங்காவது நிழலில் போட்டுவிட்டு சீட்டிலேயே படுத்துத் தூங்குவார். விஞ்ஞானத்துக்கும் அவருக்கும் அதுவரை எந்த உறவும் இருந்ததில்லை.

நடந்தது இதுதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் நான்கு மாடியில் ஒரு பாத்திரக் கடை திறந்தார்கள். திறப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்கு ஹாட்பாக்ஸ் இலவசம் என்று ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொன்னார்கள். மேடவாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் மகள் ஜான்சி, மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகிறது என்று அந்த வாரம்தான் சொல்லியிருந்தாள். அதனால் ரோஸி போனாள்.

டோக்கன் இரண்டாம் மாடியில் கொடுத்தார்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே மாடிப்படி. படி கீழே முடிகிற இடத்தில் பின்பக்கச் சந்துக்குப் போக ஓர் இரும்பு கேட் இருந்தது. படியில் கூட்டம் இறுகியதும் கீழே இருந்தவர்கள் அந்த கேட்டுக்கு ஓடினார்கள். அது பூட்டியிருந்தது.

சின்னப்பன் அப்போது கேட்டுக்கு வெளியே, சந்தில் நின்றிருந்தார். மனைவியைக் கூட்டிப்போக வந்தவர், முன்பக்கம் வண்டி நிறுத்த இடமில்லாமல் பின்னால் வந்திருந்தார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ரோஸியின் முகம் தெரிந்தது. "இந்தாண்ட வா, இந்தாண்ட வா" என்று கையைத் தட்டிக் கூப்பிட்டார். அவள் வந்தாள். பிறகுதான் அவர் பூட்டைப் பார்த்தார். கேட்டைப் பிடித்து உலுக்கினார். கல்லால் அடித்தார். யாரோ கடப்பாரை கொண்டுவந்து உடைத்தபோது ஏழு பேர் இறந்திருந்தார்கள். ரோஸி கேட்டுக்கு மிக அருகில் இருந்தவள்.

அடக்கம் முடிந்த பிறகு சின்னப்பனுக்கு அழுகை வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. கேட்டை யார் பூட்டினார்கள்?

காவல் நிலையத்தில் கேட்டார். விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள், அங்கே கேளுங்கள் என்றார்கள். விசாரணைக் குழுவில் கேட்டார். இதெல்லாம் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று சொல்லிவிடுகிற விஷயமல்ல, விஞ்ஞானபூர்வமாகப் பார்க்கச் சொல்லி நாவலூருக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். நாவலூரிலிருந்து அழைப்பு வந்தது.

மையம் கண்ணாடிக் கட்டடம். வாசலில் அவருக்குக் கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் 'பங்குதாரர்' என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் இன்னொரு பங்குதாரர் உட்கார்ந்திருந்தார். தாம்பரம் மார்க்கெட்டில் குடையும் ஸ்கூல் பேக்கும் விற்கும் பக்கீர் முகமது. அன்று அந்தப் படிக்கட்டில் தன் மகள் மாஹிராவை இழந்தவர்.

"எதுல பா நமக்குப் பங்கு?" என்று பக்கீர் பாய் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் வைஃபை பாஸ்வேர்டு இருந்தது.

முனைவர் ராஜாராமன் மேடை ஏறினார். மென்மையான குரல். எதிரில் இருப்பவர்கள் மேல் உண்மையாகவே அன்பு கொண்டவர் போல் பேசினார்.

"ஒரு எறும்பைப் பாருங்கள். அதற்கு ஒன்றுமே தெரியாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் ஒரு நகரத்தையே கட்டிவிடும். கட்டியது எந்த எறும்பு? சொல்ல முடியாது. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை மூலக்கூறுக்கு ஈரம் கிடையாது. கோடிக்கணக்கில் சேர்ந்தால் ஈரம் வந்துவிடுகிறது. எங்கிருந்து வந்தது? எழுந்தது! சின்னச் சின்னப் பகுதிகளில் இல்லாத ஒன்று, அவை சேர்ந்த மொத்தத்தில் எழுகிறது. இதுதான் எமர்ஜென்ஸ். தமிழில் எழுபண்பு. இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்க மட்டும் மூன்று கருத்தரங்கு நடத்தினோம், ஒன்று ஊட்டியில். அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் இருந்தவர்களைத் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். எல்லாரும் நல்லவர்கள். கடைக்காரர் நல்லவர். காவலாளி நல்லவர். ஒருவரிடமும் நெரிசல் கிடையாது. ஆனால் மொத்தத்தில் நெரிசல் எழுந்தது. எவ்வளவு அழகு பாருங்கள்." கொஞ்சம் நிறுத்தி, "துயரமும்கூட" என்று சேர்த்துக்கொண்டார்.

கேள்வி நேரம் வந்தது. சின்னப்பன் எழுந்தார்.

"எறும்பு கத நல்லா இருந்துச்சு சார். அந்த கேட்ட யாரு சார் பூட்டுனது?"

ராஜாராமன் கண்ணை மூடித் திறந்தார். "அருமையான கேள்வி."

மாளவிகா என்ற இளம் ஆய்வாளர் அந்தக் கேள்வியை ஒரு மஞ்சள் துண்டுக் காகிதத்தில் எழுதி, 'பார்க்கிங்' என்று தலைப்பிட்ட வெள்ளைப் பலகையில் ஒட்டினார். உடனே எடுத்துக்கொள்ள முடியாத கேள்விகளை அங்கே நிறுத்திவைப்பது மையத்தின் வழக்கம். பலகையில் ஏற்கெனவே சில காகிதங்கள் இருந்தன. ஒன்றில் 'ஏசி ரொம்பக் குளிருது' என்று எழுதியிருந்தது.

பிறகு சாப்பாடு போட்டார்கள். பக்கீர் பாய் தட்டைத் தொடவில்லை. சின்னப்பன் சாப்பிட்டார். எதைப் போட்டாலும் சாப்பிடுகிற, எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருகிற நிலையில் அப்போது அவர் இருந்தார்.

அடுத்த முறை கணினியில் மாடலைக் காட்டினார்கள். கறுப்புத் திரை, வெள்ளைக் கோடுகளால் கடையின் வரைபடம், அதற்குள் நூற்றுக்கணக்கான நீலப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர் என்று மாளவிகா விளக்கினார். பக்கத்துப் புள்ளியை இடிக்கக் கூடாது, முடிந்தவரை வழியைப் பார்த்துப் போக வேண்டும், இந்த இரண்டு விதி மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும். ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் படிக்கட்டின் அடியில் புள்ளிகள் இறுகிச் சிவப்பாயின. சில அணைந்தன.

"ரோஸி எதுமா?" என்று சின்னப்பன் கேட்டார்.

மாளவிகா தயங்கினார். அப்படியெல்லாம் கேட்பார்கள் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. ஒரு புள்ளியைக் காட்டி, "இதுன்னு வெச்சுக்கலாம் சார்" என்றார்.

"கேட் எங்க கீது?"

"கேட் மாடல்ல இல்ல சார். சுவர்தான் இருக்கு. பூட்டின கேட்டும் சுவரும் கணக்குக்கு ஒண்ணுதான். அதை எல்லை நிபந்தனைன்னு சொல்லுவோம். எல்லைக்குள்ள என்ன நடக்குதுன்னுதான் எங்க ஆராய்ச்சி. எல்லையை ஆராய்ச்சி பண்ண மாட்டோம்."

"சுவருன்னா யாரும் பூட்டியிருக்க வேணாம், இல்ல?"

"ஆமா சார்" என்றார் மாளவிகா. பிறகு, "சாரி சார்" என்றும் சொன்னார்.

மாடல் சரியா என்று பார்க்க, உண்மையான மனிதர்களை வைத்து ஒரு ஒத்திகையும் நடத்தினார்கள். மையத்தின் மாடிப்படியிலேயே. கல்லூரி மாணவர்களுக்கு நீலத் தொப்பி போட்டுவிட்டு, மேலே சமோசா இலவசம் என்று அறிவித்தார்கள். கட்டடத்தின் பாதுகாப்பு விதிப்படி, பரிசோதனை நடக்கும்போது கீழே இருந்த இரண்டு கதவுகளும் திறந்தே இருக்க வேண்டும். கதவுக்கு ஒரு காவலாளி. வெளியே ஆம்புலன்ஸ். மாணவர்கள் ஏறினார்கள், சமோசா வாங்கினார்கள், இரண்டு கதவு வழியாகவும் இறங்கிப் போய்விட்டார்கள். மறுபடி ஏறச் சொன்னார்கள். மறுபடியும் போய்விட்டார்கள். சமோசா தீர்ந்ததே தவிர நெரிசல் எழவில்லை.

ராஜாராமன் நீண்ட நேரம் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுபண்பைக் கட்டாயப்படுத்தி வரவழைக்க முடியாது" என்று கடைசியில் சொன்னார். ஒத்திகை தோல்வி என்று பதிவானது. படித்த பிள்ளைகளாக இருந்ததால் தரவு ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று காரணம் எழுதினார்கள்.

ஒத்திகையைப் பார்க்க வந்திருந்த சின்னப்பன் அன்று வீட்டுக்குப் போகாமல் மாளவிகாவின் அறைக்கு வந்து நின்றார்.

"அந்தப் புள்ளிய இன்னொரு வாட்டி காட்டுறியாமா?"

மாடலை அவர்கள் ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, ஒவ்வொன்றையும் சேமித்து வைத்திருந்தார்கள். மாளவிகா கைக்கு வந்த ஒன்றைத் திறந்தார். அதில் ரோஸி என்று வைத்துக்கொண்ட புள்ளி படியிறங்கி, கூட்டத்தில் கொஞ்சம் திணறி, பிறகு பின்பக்கச் சுவர் வழியாகச் சந்துக்குப் போய்விட்டது. அங்கே நீலமாகவே நின்றது.

சின்னப்பன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "திருப்பிப் போடுமா" என்றார்.

மறுநாள் மத்தியானமும் வந்தார். அதற்கு மறுநாளும். காலை டிரிப் முடித்ததும் வேனை நாவலூருக்கு விடுவார். அட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவார். அந்த ஒரு ஓட்டத்தை மட்டும் பார்ப்பார். புள்ளி சந்துக்கு வந்ததும் எழுந்துபோய் சாயங்கால டிரிப்புக்குப் பிள்ளைகளை ஏற்றுவார். மையத்துக்கு இது பெருமையாகிவிட்டது. 'பாதிக்கப்பட்ட சமூகம் தானாகவே முன்வந்து ஆய்வில் பங்கேற்கிறது. இதுவும் ஓர் எழுபண்பே' என்று மாத இதழில் அவருடைய முதுகுப்புறப் படத்தோடு போட்டார்கள்.

ஜான்சிக்கு அந்த இதழ் வேலை இடத்தில் யாரோ செல்போனில் காட்டித்தான் தெரிந்தது. அடுத்த நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவோடு வந்தாள். அவரோடு உட்கார்ந்து பார்த்தாள். வேறு சில ஓட்டங்களையும் போட்டுக் காட்டச் சொன்னாள். முடிந்ததும் மாளவிகாவிடம் திரும்பினாள்.

"அக்கா, மத்த எதுலயும் வெளிய போகலையே. இதுல மட்டும் எப்படிப் போறாங்க?"

மாளவிகா திரையைப் பெரிதாக்கினார். வெள்ளைக் கோட்டில் பின்பக்கம் ஒரு சின்ன இடைவெளி இருந்தது.

"இது மிஸ்டேக் ரன் ஜான்சி. கோடு போடும்போது நான் இங்க ஒரு கேப் விட்டுட்டேன். அதான்."

"இதுல எத்தன பேர் செத்தாங்க?"

"யாரும் இல்ல."

"கேட் தொறந்திருந்தா யாரும் சாக மாட்டாங்கன்னு உங்க கம்ப்யூட்டரே சொல்லுது. இத ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?"

மாளவிகா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தப்பான ரன்னை ரிப்போர்ட்ல போட மாட்டாங்க. எனக்கு மார்ச்ல காண்ட்ராக்ட் ரினியூவல் இருக்கு. ஆனா கேட்டுப் பாக்கறேன்."

கேட்டுப் பார்த்தார். ராஜாராமன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஆய்வின் தூய்மையைக் காப்பாற்றியதற்காக மாளவிகாவைப் பாராட்டிவிட்டு, அந்த ஓட்டத்தை அழிக்கச் சொன்னார். மறுநாள் மத்தியானம் சின்னப்பன் வந்தபோது அது இல்லை.

"வேற ஒண்ணு போடவா சார்?" என்றார் மாளவிகா. கண் சிவந்திருந்தது.

"வேணாம்மா. அதுல எல்லாம் செத்துடுவா."

அறிக்கை வெளியீட்டு விழா துரைப்பாக்கம் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. சின்னப்பனும் ஜான்சியும் பக்கீர் பாயும் வேனிலேயே போனார்கள். வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்திருந்தார்கள். பாத்திரக் கடை அதிபர் சுப்பராயலுதான் சிறப்பு விருந்தினர். மையத்தில் புதிதாகக் கட்டப்போகும் சுப்பராயலு சிக்கலியல் ஆய்வு அரங்கத்துக்கு அவர் நன்கொடை அளித்திருந்தார்.

"நான் அதிகம் படிக்காதவன்" என்று சுப்பராயலு பேசினார். "அன்னிக்கு என் கடையில நடந்தது என்னன்னு எனக்கே புரியல. நம்மால ஏதாவது தப்பு நடந்துபோச்சோன்னு ரெண்டு மூணு நாள் சரியா தூக்கம் இல்ல. ராஜாராமன் சார்தான், அது தப்பு இல்ல, விஞ்ஞானம்னு விளக்கினார். அன்னியிலேர்ந்து நல்லா தூங்கறேன். இந்தத் தூக்கம் எல்லாத் தொழிலதிபர்களுக்கும் கிடைக்கணும்."

கைதட்டல் அடங்கியதும் ராஜாராமன் முடிவுகளை வாசித்தார். சம்பவத்துக்குத் தனிநபர் எவரும் காரணமல்ல. அன்று அங்கே இருந்த ஒவ்வொருவரும், இறந்தவர்கள் உட்பட, நெரிசலுக்குச் சம அளவில் பங்களித்திருக்கிறார்கள். அந்தப் பங்களிப்பை மதிக்கும் விதமாக ஏழு குடும்பங்களுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் வழங்கப்படும்.

"ஆனால்" என்று விரலைத் தூக்கினார். "விஞ்ஞானம் எதையும் மறைக்காது. மொத்த ஆய்வில் அமைப்புக்கு வெளியிலிருந்து வந்த ஒரே ஒரு குறுக்கீட்டைக் கண்டறிந்தோம். ஒரு செல்போன் பதிவில், சந்தில் நின்ற ஒரு நபர் கைதட்டி உள்ளே இருந்தவர்களை அழைக்கிறார். அதுவரை படிக்கட்டு நோக்கி இருந்த ஓட்டம் அந்தக் கணத்தில் சுவரை நோக்கித் திரும்புகிறது. அவர் அழைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குத் தனி ஆய்வு தேவை. நிதி கோரியிருக்கிறோம். அந்த நபர், நம் மையத்தின் நெடுநாள் நண்பர், திரு. சின்னப்பன் அவர்கள் இங்கேயே இருக்கிறார். அவரைப் பொன்னாடை ஏற்க அழைக்கிறேன்."

ஜான்சி எழுந்துவிட்டாள். "டேய்..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே சின்னப்பன் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவரே மேடைக்குப் போனார். சுப்பராயலு பொன்னாடை போர்த்தினார். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள்.

"ஆமா சார்" என்றார் சின்னப்பன். "நான்தான் கூப்ட்டேன். இந்தாண்ட வான்னு சொன்னேன். அவளும் வந்தா." தோளில் நழுவிய பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது சுவருன்னு எனக்குத் தெரியாது சார். கேட்டுன்னு நெனச்சுட்டேன்."

முதலில் ராஜாராமன் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். ஆய்வு முடிவைச் சாமானியர் ஒருவர் இவ்வளவு முதிர்ச்சியோடு ஏற்றுக்கொள்வது அபூர்வம் என்று நன்றியுரையில் குறிப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் பக்கீர் பாய் தன் சான்றிதழை வேனின் பின்சீட்டில் குப்புறக் கவிழ்த்து வைத்தார். ஜான்சி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கரணையில் வண்டிகள் நின்றுவிட்டன. பஸ், லாரி, தண்ணீர் டேங்கர், பைக் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்தபடி ஹாரன் அடித்தன. அரை மணி நேரம் ஒன்றும் நகரவில்லை.

"இதுவும் தானா எழுந்ததுதான் போல" என்றார் பக்கீர் பாய்.

சின்னப்பன் இன்ஜினை அணைத்தார். பொன்னாடையை எடுத்து டாஷ்போர்டில் போட்டார். இறங்கினார்.

"எங்கப்பா போற? வண்டி நடு ரோட்ல நிக்குது!"

"இரு, பாத்துட்டு வரேன்."

வண்டிகளுக்கு நடுவே சந்து கண்ட இடத்தில் புகுந்து நடந்தார். ஒரு பைக்காரன் திட்டினான். வெகுதூரம் போன பிறகு வண்டி நெரிசலின் தலை வந்தது. ரோட்டின் பாதியை அடைத்து ஓர் இரும்புத் தடுப்பு. அதை விளக்குக் கம்பத்தோடு கயிற்றால் கட்டியிருந்தார்கள். போலீஸ் யாரும் இல்லை. மீதிப் பாதியில் வண்டிகள் ஒவ்வொன்றாக நுழையச் சண்டை போட்டன. பக்கத்தில் தள்ளுவண்டியில் ஒரு பெண் கொய்யாப்பழம் நறுக்கி மிளகாய்த்தூள் தூவிக்கொண்டிருந்தாள்.

"யாருமா இத இங்க போட்டது?" என்று சின்னப்பன் கேட்டார். எத்தனையோ பேரிடம் எதையோ கேட்டுப் பழகிய குரல். பதிலை எதிர்பார்க்காத குரல்.

அவள் கத்தியாலேயே காட்டினாள். "அதோ அந்தக் கல்யாண மண்டபத்து மேனேஜரு. செவப்பு சட்ட போட்டுகினு நிக்கிறான் பாரு. மாப்ள காரு திரும்பணுமாம்."

சின்னப்பன் திரும்பிப் பார்த்தார். சிவப்புச் சட்டை போட்ட ஒரு ஆள் மண்டப வாசலில் நின்று செல்போன் பேசிக்கொண்டிருந்தான். கையும் காலும் முகமும் உள்ள ஓர் ஆள்.

"இன்னா சொன்ன?"

ஹாரன் சத்தத்தில் காதில் விழவில்லை என்று நினைத்து அவள் உரக்கச் சொன்னாள். "அவன்தான்யா! அந்தச் செவப்பு சட்ட!"

"இன்னொரு வாட்டி சொல்லுமா."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, காது மந்தமானவரிடம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "யாரு போட்டதுன்னு கேட்ட இல்ல? அவன் போட்டான். காத்தால. நான் பாத்தேன்."

சின்னப்பன் தலையாட்டினார். கம்பத்திடம் போய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு சட்டென்று வரவில்லை. கண்ணில் நீர் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு பல்லால் இழுத்தார்.

சிவப்புச் சட்டைக்காரன் போனை மூடிக்கொண்டு ஓடி வந்தான். "யோவ்! யாரக் கேட்டுய்யா அவுக்குற?"

முடிச்சு தளர்ந்தது. சின்னப்பன் நிமிராமலே பதில் சொன்னார்.

"எல்லாரையும் கேட்டுட்டேன்."